எந்த முல்லர்? ஒரு பெயர், பல ஆட்கள்

குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போகிறவர்களின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘ஆன்டி முல்லேரியன் ஹார்மோன்’ (சுருக்கமாக ஏ.எம்.ஹெச்.) என்று ஒரு வரி இருக்கும். சிவில் இன்ஜினியரிங் மாணவரின் நோட்டில் ‘முல்லர்-பிரெஸ்லாவ் கோட்பாடு’ இருக்கும். கதிர்வீச்சை அளக்கும் கருவிக்குப் பெயர் கைகர்-முல்லர் கவுன்டர். சென்னை நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் சொல்லித்தரும் இடத்தின் பெயர் மாக்ஸ் முல்லர் பவன்.

இவர்கள் எல்லாம் ஒரே ஆளா, இல்லை அண்ணன் தம்பிகளா என்று கேட்டால், இரண்டும் இல்லை. நான்கும் நான்கு வெவ்வேறு முல்லர்கள், ஒருவருக்கொருவர் சொந்தமும் கிடையாது. இணையத்தில் தேடினால் ஒருவருடைய படம், இன்னொருவருடைய பிறந்த ஆண்டு, மூன்றாமவருடைய கண்டுபிடிப்பு எல்லாம் ஒரே பத்தியில் கலந்து கிடப்பதை அடிக்கடி பார்க்கலாம். இந்தக் குழப்பம் இன்றைக்கு வந்ததும் அல்ல. அந்த முல்லர்களே தங்கள் காலத்தில் இதனால் அவதிப்பட்டு, தப்பிக்க ஆளுக்கொரு வழி தேடியிருக்கிறார்கள். அந்த வழிகள் புரிந்துவிட்டால் ஆட்களைப் பிரித்தறிவது பெரிய வேலை இல்லை.

பெயரின் பொருள்: மாவு மில்காரர்

முல்லர் என்பது தொழிலிலிருந்து வந்த குடும்பப் பெயர். மாவு அரைக்கும் ஆலையை நடத்துபவர் என்று பொருள். ஜெர்மனியில் இன்றைக்கு மிக அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் இதுதான், சுவிட்சர்லாந்திலும் இதுதான். இவ்வளவு பெருகியதற்குக் காரணங்கள் உண்டு:

1. ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் குடும்பப் பெயர்கள் ஏறத்தாழ 12ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டுக்குள் நிலைபெற்றன. அதற்கு முன் ‘ஹான்ஸ்’ என்றால் ஹான்ஸ், அவ்வளவுதான். ஊரில் நான்கு ஹான்ஸ் இருந்தால் ‘மில்காரர் ஹான்ஸ்’, ‘கொல்லர் ஹான்ஸ்’ என்று பிரிக்க வேண்டியிருந்தது.

2. ஊரில் பெரும்பாலோர் விவசாயிகள். எல்லோரும் விவசாயியாக இருக்கும் இடத்தில் ‘விவசாயி ஹான்ஸ்’ என்று கூப்பிட்டு என்ன பயன்? மில்காரர் ஊருக்கு ஒருவரோ இருவரோதான், அதனால் அந்தப் பெயர் ஆளைச் சரியாக அடையாளம் காட்டியது. ஆனால் மில் இல்லாத ஊரும் கிடையாது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு மில்காரர் குடும்பம் என்று வைத்துக்கொண்டால், நாடு முழுக்க எத்தனை ஆயிரம் முல்லர் குடும்பங்கள் உருவாகியிருக்கும் என்று பாருங்கள்.

3. பல இடங்களில் பண்ணைப் பிரபு எந்த மில்லைக் காட்டுகிறாரோ அங்கேதான் தானியத்தை அரைக்க வேண்டும் என்று கட்டாயம் இருந்தது. மில்காரர் கூலியைத் தானியத்திலேயே எடுத்துக்கொள்வார். அளவில் ஏமாற்றுகிறார் என்ற சந்தேகம் எப்போதும் இருந்ததால், பிடிக்கிறதோ இல்லையோ, ஊர் முழுக்க அந்த ஆளை அறிந்திருந்தது.

ஆக, ஓர் ஊருக்குள் ஆளைத் தனியாகக் காட்டிய பெயர், ஊரைத் தாண்டியதும் கூட்டத்தில் கரைந்துவிட்டது. பிரச்சினையின் வேர் இதுதான். பெயர் ஒருமுறை நிலைத்த பிறகு தொழிலோடு அதற்குத் தொடர்பும் அறுந்துபோனது. கீழே வரப்போகும் யோஹன்னஸ் முல்லரின் அப்பா செருப்புத் தைப்பவர்.

தலைமேல் இரண்டு புள்ளி

ஜெர்மனில் இந்தப் பெயரில் வரும் உகர எழுத்தின் தலையில் இரண்டு புள்ளிகள் இருக்கும். பழைய கையெழுத்தில் அந்த உயிரெழுத்தின் மேல் ஒரு சின்ன ‘எ’ எழுத்தை எழுதுவார்கள். அன்றைய கையெழுத்தில் ‘எ’ என்பது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு, அது தேய்ந்து தேய்ந்து இரண்டு புள்ளியாகிவிட்டது. ‘இ’ என்று சொல்லிக்கொண்டே உதட்டை ‘உ’ போலக் குவித்தால் அந்த ஒலி வரும். தமிழில் அதற்கு எழுத்து இல்லை, அதனால் முல்லர், மூலர், மியூலர், முல்லேர் என்று அவரவர் காதுக்கு எட்டியபடி எழுதுகிறோம்.

சிக்கல் தமிழில் மட்டும் என்றால் பரவாயில்லை. புள்ளி வைக்க முடியாத தட்டச்சில் ஜெர்மானியர்களே அந்த ‘எ’யைப் பக்கத்தில் தனி எழுத்தாகச் சேர்த்து எழுதுவார்கள், மாக்ஸ் முல்லர் பவனின் ஆங்கிலப் பலகையில் இருப்பது அந்த வடிவம்தான். ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குக் குடியேறிய பலர் புள்ளியைச் சும்மா விட்டுவிட்டார்கள், இன்னும் பலர் ‘மில்லர்’ ஆகிவிட்டார்கள். இதுபோக வட ஜெர்மன் வடிவமான ‘மோல்லர்’, லத்தீன் வடிவமான ‘மோலிடோர்’ எல்லாம் தனி. நூலகப் பட்டியலிலும் தேடுபொறியிலும் ஒரே ஆள் மூன்று இடத்தில் சிதறிக் கிடப்பதும், மூன்று ஆட்கள் ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதும் இதனால்தான்.

ஏ.எம்.ஹெச். அறிக்கையில் இருக்கும் முல்லர்

யோஹன்னஸ் பீட்டர் முல்லர், 1801இல் கோப்லென்ஸ் நகரில் பிறந்தவர், 1858இல் பெர்லினில் இறந்தவர். 19ஆம் நூற்றாண்டு உடலியங்கியலில் இவருக்கு இணையாகச் சொல்லக்கூடிய ஆசிரியர் குறைவு. இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், செல் கொள்கையை முன்வைத்த ஷ்வான், நோய்க்கூறியலின் தந்தை எனப்படும் ஃபிர்ஹோ, டார்வினை ஜெர்மனியில் பரப்பிய ஹெக்கல் எல்லோரும் இவரிடம் படித்தவர்கள்.

கருவில் இருக்கும் சிசுவின் இனப்பெருக்க உறுப்புகள் எப்படி உருவாகின்றன என்று 1830இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு ஜோடி நுண்குழாய்களை விவரித்தார். அவற்றுக்குத்தான் முல்லேரியன் நாளங்கள் என்று பெயர் வந்தது. ஹார்மோனின் பெயர் புரிய வேண்டுமானால் இந்த நாளங்களுக்கு என்ன ஆகிறது என்று தெரிய வேண்டும்:

1. தொடக்கத்தில் ஆண் கரு, பெண் கரு இரண்டிலும் இரண்டு ஜோடி நாளங்கள் உண்டு. ஒன்று முல்லேரியன், மற்றது வோல்ஃபியன். (அது காஸ்பார் ஃப்ரீட்ரிஹ் வோல்ஃப் என்பவர் பெயரில் வந்தது. அவர் வேறு கதை.)

2. ஆண் கருவில் விந்தகம் உருவானதும் அது ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் வேலை முல்லேரியன் நாளங்களைக் கரைப்பது. அதனால்தான் ‘ஆன்டி முல்லேரியன்’. முல்லருக்கு எதிரி என்று அர்த்தமில்லை, முல்லர் விவரித்த குழாய்க்கு எதிரி. இப்படி ஒரு சுரப்பு இருந்தே ஆக வேண்டும் என்று 1940களில் சோதனைகள் வழியாகக் காட்டியவர் பிரான்ஸின் ஆல்ஃபிரட் ஜோஸ்ட்.

3. பெண் கருவில் அந்தக் கட்டத்தில் இந்த ஹார்மோன் வருவதில்லை. முல்லேரியன் நாளங்கள் வளர்ந்து கருக்குழாய்கள், கர்ப்பப்பை, யோனியின் மேற்பகுதி ஆகியவையாக மாறுகின்றன. இரண்டு நாளங்களும் நடுவில் சரியாக ஒட்டாமல் போனால் கர்ப்பப்பை இரட்டைக் கொம்பு வடிவில் இருக்கலாம், நடுவில் தடுப்புச் சுவர் இருக்கலாம். ஸ்கேன் அறிக்கையில் ‘முல்லேரியன் அனாமலி’ என்று வருவது இதைத்தான்.

4. அப்படியானால் வளர்ந்த பெண்களின் ரத்தத்தில் அதை ஏன் அளக்கிறார்கள்? பின்னாளில் சினைப்பையில் வளரத் தொடங்கும் சின்னச் சின்ன முட்டைப் பைகளைச் சுற்றியுள்ள செல்கள் இதே ஹார்மோனைச் சுரக்கின்றன. அப்படிப்பட்ட பைகள் நிறைய இருந்தால் அளவு கூடும், குறைந்தால் அளவும் குறையும். முட்டை இருப்பு எவ்வளவு என்பதற்கு இது ஒரு மதிப்பீடு. முட்டையின் தரத்தை இது சொல்லாது, அந்த வித்தியாசத்தை மறந்து பயப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

இதே யோஹன்னஸ் முல்லர்தான் கண்ணை அழுத்தினால் ஏன் வெளிச்சம் தெரிகிறது என்பதற்கும் விளக்கம் சொன்னவர். கண் நரம்பை எது தூண்டினாலும் மூளைக்கு அது வெளிச்சமாகத்தான் படும், காது நரம்பைத் தூண்டினால் ஒலியாகத்தான் படும் என்பது அவர் கொள்கை. சுறாக்களைப் பற்றியும் ஹென்லே என்பவரோடு சேர்ந்து 1841இல் ஒரு பெரிய நூலை முடித்தார். கங்கைச் சுறாவின் அறிவியல் பெயருக்குப் பின்னால் ‘முல்லர், ஹென்லே’ என்று இருப்பது இவர்தான்.

அதே பெயரடை, வேறு ஆள்

உயிரியலில் ‘முல்லேரியன்’ என்று இன்னொரு சொல் உண்டு: முல்லேரியன் மிமிக்ரி, அதாவது முல்லர் வகை ஒப்புமை. நாளத்தின் முல்லரும் இந்த முல்லரும் ஒருவரே என்று நினைப்பது மிக இயல்பான தவறு.

இது ஃப்ரிட்ஸ் முல்லர் (1822-1897). எர்ஃபுர்ட் நகருக்கு அருகே பிறந்தவர். பெர்லினில் படித்தபோது அவருடைய ஆசிரியர்களில் ஒருவர், குழப்பத்துக்கு இது போதாதா, மேலே பார்த்த யோஹன்னஸ் முல்லர். கடவுள் சாட்சியாக என்று சத்தியம் செய்ய மறுத்ததால் மருத்துவப் பட்டம் கைக்கு வராமல் போனது. 1852இல் குடும்பத்தோடு பிரேசிலுக்குக் கப்பலேறி, புளூமெனாவ் என்ற ஜெர்மன் குடியேற்றத்தில் காடு வெட்டி விவசாயம் பார்த்தார், பிறகு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். டார்வினை ஆதரித்து 1864இல் ஒரு சிறு நூல் எழுதினார். அது டார்வினுக்கு எவ்வளவு பிடித்தது என்றால், ஆங்கில மொழிபெயர்ப்புக்கு அவரே செலவு செய்தார். கூர்ந்து கவனிப்பவர்களில் இளவரசர் என்று அவரைப் புகழவும் செய்தார்.

ஒப்புமை விஷயத்துக்கு வருவோம். ருசியான பட்டாம்பூச்சி ஒன்று, விஷமுள்ள பட்டாம்பூச்சியின் தோற்றத்தைக் காட்டிப் பறவையை ஏமாற்றுவது பேட்ஸ் வகை ஒப்புமை. ஆனால் இரண்டு இனங்களுமே விஷமுள்ளவை என்றால் அவை ஏன் ஒன்றுபோல இருக்க வேண்டும்? இதற்கு ஃப்ரிட்ஸ் முல்லர் 1870களின் இறுதியில் கணக்குப் போட்டுக் காட்டினார். குஞ்சுப் பறவைக்கு எது கசக்கும் என்று பிறவியிலேயே தெரியாது, தின்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். ஓர் இடத்தில் ஓர் இனம் 10,000, மற்றது 2,000 என்று வையுங்கள். பறவைகள் பாடம் கற்க ஒவ்வொரு தோற்றத்திலும் 1,200 பட்டாம்பூச்சிகள் சாக வேண்டும் என்றால், தோற்றம் வேறு வேறாக இருக்கும்போது இரு இனங்களும் தலா 1,200ஐ இழக்கும். தோற்றம் ஒன்றாகிவிட்டால் மொத்தமே 1,200தான், எண்ணிக்கை விகிதப்படி பெரிய இனத்தில் 1,000, சிறிய இனத்தில் 200. பெரிய இனத்துக்கு மிச்சம் 200, அதாவது 2 சதவீதம். சிறிய இனத்துக்கு மிச்சம் 1,000, அதாவது 50 சதவீதம். இருவருக்கும் லாபம், சிறியவருக்குக் கொள்ளை லாபம். பரிணாமத்தில் கணக்கைக் கொண்டுவந்த முதல் வாதங்களில் ஒன்று இது. பிரேசில் காட்டோரம் உட்கார்ந்து ஒரு கணக்கு வாத்தியார் போட்டது என்பதை நினைத்தால் இன்னும் சுவை.

கண் மருத்துவத்தில் வரும் ‘முல்லர் செல்’, மேல் இமையில் உள்ள ‘முல்லர் தசை’ இரண்டும் மேற்படி இருவருக்கும் சேராது. அவை வுர்ஸ்பர்க் நகரின் உடற்கூறியல் பேராசிரியர் ஹைன்ரிஹ் முல்லருக்கு (1820-1864) உரியவை. கைகர்-முல்லர் கவுன்டரின் முல்லர் வேறொருவர்: கீல் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் கைகரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த வால்தர் முல்லர். கைகர் 1908இலேயே மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டோடு சேர்ந்து ஆல்ஃபா துகளை எண்ணும் கருவி செய்திருந்தார். பீட்டா, காமா கதிர்களையும் பிடிக்கும் குழாயாக அதை 1928இல் மாற்றியதில் மாணவருக்குப் பங்கு உண்டு. பேச்சுவழக்கில் ‘கைகர் கவுன்டர்’ என்று சுருக்கி மாணவரைக் கழற்றிவிடுகிறோம், அது கொஞ்சம் அநியாயம்தான்.

இரண்டு ஃப்ரீட்ரிஹ்கள்: நமக்கு நேரடியாக உதைக்கும் இடம்

மாக்ஸ் முல்லரின் முழுப்பெயர் ஃப்ரீட்ரிஹ் மாக்ஸ் முல்லர். 1823இல் டெஸ்ஸாவ் நகரில் பிறந்தார், அப்பா வில்ஹெல்ம் முல்லர் கவிஞர், ஷூபர்ட் இசையமைத்த பாடல் வரிசைகளால் இன்றும் நினைவில் இருப்பவர். (அதில் ஒன்றின் நாயகன் மில்லில் வேலை தேடி வரும் இளைஞன், நாயகி மில்காரர் மகள். முல்லர் என்ற கவிஞர் தன் பெயரை வைத்தே விளையாடியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.) மகன் ஆக்ஸ்ஃபோர்டில் வாழ்ந்து 1900இல் அங்கேயே இறந்தார். சாயணர் உரையோடு ரிக்வேதத்தை 1849 முதல் 1874 வரை ஆறு தொகுதிகளாகப் பதிப்பித்தார். கிழக்கின் புனித நூல்கள் என்ற 50 தொகுதி வரிசைக்குப் பொதுப் பதிப்பாசிரியர். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

அவர் பெயரில் ‘மாக்ஸ்’ ஒரு நடுப்பெயர். முல்லர் என்று வெறுமனே சொன்னால் கூட்டத்தில் காணாமல் போய்விடுவோம் என்று அவரே அதைக் குடும்பப் பெயரோடு சேர்த்து ‘மாக்ஸ் முல்லர்’ என்று ஒரே பெயராக ஆக்கிக்கொண்டார். திட்டம் அபாரமாகப் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும், முதல் பெயர் ஃப்ரீட்ரிஹ் என்பதே பலருக்குத் தெரியாது.

அதே காலத்தில் வியன்னாவில் இன்னொருவர் இருந்தார். ஃப்ரீட்ரிஹ் முல்லர் (1834-1898), அவரும் மொழியியலாளர், அவரும் உலக மொழிகளை வகைப்படுத்தியவர். 1876 முதல் பல தொகுதிகளாக வந்த மொழியியல் நூலில் அரபு, ஹீப்ரு, பண்டைய எகிப்திய மொழி போன்றவற்றைச் சேர்த்துச் சொல்லும் ‘ஹாமிட்டோ-செமிட்டிக்’ என்ற மொழிக்குடும்பப் பெயரைப் பரப்பியவர். தலைமுடியின் தன்மையையும் மொழியையும் வைத்து மனித இனங்களைப் பிரித்த வகைப்பாடும் அவருடையது. மாக்ஸ் முல்லருடைய கருத்து வேறு. 1854இல் அவர் திராவிட மொழிகளை ‘துரானியன்’ என்ற மிகப் பெரிய, இன்று யாரும் ஏற்காத ஒரு மொழிக்கூட்டத்தில் சேர்த்தார்.

இருவரும் ஃப்ரீட்ரிஹ், இருவரும் முல்லர், இருவரும் மொழியியல். பழைய ஆங்கில நூல்களில் ‘எஃப். முல்லர்’ என்று மட்டும் அடிக்குறிப்பு இருந்தால் அதை மாக்ஸ் முல்லர் தலையில் கட்டிவிடுவது மிக எளிது. ஆரிய, திராவிட விவாதங்களில் ‘முல்லரே சொல்லியிருக்கிறார்’ என்று எந்தத் தரப்பு மேற்கோள் காட்டினாலும் முதல் கேள்வி இதுதான்: ஆக்ஸ்ஃபோர்டு முல்லரா, வியன்னா முல்லரா?

ஊரை ஒட்டவைத்தவர்கள்

நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஊரைப் போடுவதுபோல, ஜெர்மானியர்கள் பின்னால் ஒரு சின்னக் கோடு போட்டு ஊரை ஒட்டவைத்தார்கள். சில உதாரணங்கள்:

1. முல்லர்-பிரெஸ்லாவ். ஹைன்ரிஹ் முல்லர் என்ற கட்டுமானப் பொறியாளர் 1851இல் பிரெஸ்லாவ் நகரில் (இன்று போலந்தில் உள்ள வ்ரோட்ஸ்வாஃப்) பிறந்தார். ஆக, பிரெஸ்லாவ் என்பது கூட்டாளி பெயர் அல்ல. ‘கைகர்-முல்லர்’ போல இதுவும் இரண்டு பேர் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், தேர்வுத்தாளில்கூட. அவர் 1886இல் சொன்ன கோட்பாட்டின் சாரம்: பாலத்தின் மேல் லாரி நகர நகர ஒரு தாங்கியில் விழும் விசை எப்படி மாறும் என்று காட்டும் படத்துக்கு இன்ஃப்ளுயன்ஸ் லைன் என்று பெயர். அதைக் கணக்குப் போட்டு வரைய வேண்டாம், அந்தத் தாங்கியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் உத்தரத்தை ஓர் அலகு தூக்கினால் உத்தரம் எப்படி வளைகிறதோ அதுதான் அந்தப் படம்.

2. முல்லர்-துர்காவ். ஹெர்மன் முல்லர் என்ற சுவிஸ் தாவரவியலாளர் (1850-1927), துர்காவ் மாநிலத்துக்காரர். 1882இல் அவர் உருவாக்கிய வெள்ளைத் திராட்சை ரகத்துக்கும் அதே பெயர். ரீஸ்லிங், சில்வானர் என்ற இரண்டு ரகங்களின் கலப்பு என்று நம்பி, அவற்றின் பெயர்களை வெட்டி ஒட்டி ‘ரிவானர்’ என்றும் அழைத்தார்கள். நூறாண்டு கழித்து மரபணுவைப் பார்த்தால் அம்மா ரீஸ்லிங்தான், அப்பா சில்வானர் இல்லை, மடலேன் ரோயால். ஆளுக்கு அடையாளம் சரியாக வைத்தவர்கள் திராட்சைக்குத் தவறாக வைத்துவிட்டார்கள்.

3. முல்லர்-ஃபிராங்கன். இதுவும் ஒரு ஹெர்மன் முல்லர் (1876-1931), சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர். நாடாளுமன்றத்தில் வேறு முல்லர்களும் இருந்ததால் தொகுதி இருந்த ஃபிராங்கன் பகுதியைச் சேர்த்து அழைத்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் ஒப்பந்தத்தில் ஜெர்மனி சார்பில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர், அப்போது வெளியுறவு அமைச்சர். 1920இலும், 1928 முதல் 1930 வரையும் ஜெர்மனியின் பிரதமர், அதாவது சான்சலர். அவருடைய கூட்டணி 1930 மார்ச்சில் உடைந்த பிறகு வைமார் குடியரசில் (ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மன் குடியரசு) நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு ஓர் அரசு அமையவே இல்லை.

ஊரை வைத்துத் தப்பித்ததில் மூத்தவர் 1436இல் பிறந்த வானியலாளர் யோஹன்னஸ் முல்லர். அவர் ஊர் ஃபிராங்கன் பகுதியில் இருந்த கோனிக்ஸ்பெர்க், ‘அரசன் மலை’ என்று பொருள். அதை லத்தீனில் மாற்றியதில் முல்லரே மறைந்துபோய் ரெஜியோமொன்டானஸ் ஆகிவிட்டார். கோணவியலைத் தனி நூலாக ஐரோப்பாவில் எழுதிவைத்தவர் அவர்தான். வேடிக்கை என்னவென்றால், பெயர்க் குழப்பத்திலிருந்து தப்பியவர் ஊர்க் குழப்பத்தில் மாட்டினார். தத்துவவாதி கான்ட் வாழ்ந்த கோனிக்ஸ்பெர்க் பால்டிக் கடலோரத்தில் இருக்கும் வேறு ஊர், ஆனால் இவரையும் அந்த ஊர்க்காரர் என்று எழுதிவிடுகிறார்கள்.

தாவரவியலாளர்கள் கண்ட தீர்வு

இந்தச் சிக்கலை ஒழுங்காகத் தீர்த்தவர்கள் தாவரவியலாளர்கள்தான். ஒரு செடிக்குப் பெயர் வைத்தவரை அந்த அறிவியல் பெயருக்குப் பின்னால் சுருக்கக் குறியாக எழுதுவது அவர்கள் வழக்கம். ஒரு குறி ஒருவருக்கு மட்டும்தான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பால் வெட்டும் ரப்பர் மரத்தின் அறிவியல் பெயருக்குப் பின்னால் ‘முல். ஆர்க்.’ என்ற குறி இருக்கும். அது சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில் பிறந்த யோஹன்னஸ் முல்லர், ஆமணக்குக் குடும்பச் செடிகளில் பெரிய நிபுணர். ‘முல். ஹால்.’ என்றால் ஹாலே நகரத்துப் பாசி (மாஸ்) நிபுணர் கார்ல் முல்லர். ‘எஃப். முல்.’ என்றால் ரோஸ்டாக்கில் பிறந்து ஆஸ்திரேலியாவுக்குப் போய் மெல்பர்ன் தாவரவியல் பூங்காவை நடத்திய ஃபெர்டினான்ட் முல்லர், மக்கடேமியா என்ற பேரினப் பெயரை வைத்தவர். ஆர்காவ் முல்லரும் மெல்பர்ன் முல்லரும் இறந்தது ஒரே ஆண்டில், 1896. குறி மட்டும் இல்லாவிட்டால் இவர்களைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகியிருக்கும்.

1946, 1948: ஒரு புள்ளி வித்தியாசம்

மருத்துவ நோபல் பட்டியலில் இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு பேர். 1946இல் ஹெர்மன் ஜோசஃப் முல்லர், எக்ஸ் கதிர்கள் மரபணு மாற்றத்தை உண்டாக்கும் என்று காட்டியதற்காக. 1948இல் பால் ஹெர்மன் முல்லர், டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டதற்காக.

முதலாமவர் அமெரிக்கர், ஜெர்மன் வழி வந்த குடும்பம், புள்ளி கிடையாது, ஆங்கிலத்தில் ‘மல்லர்’ என்றுதான் சொல்வார்கள். இரண்டாமவர் பாசல் நகரில் கய்கி நிறுவனத்தில் வேலை பார்த்த சுவிஸ் வேதியியலாளர், புள்ளி உண்டு. டி.டி.டி. என்ற பொருளை முதலில் தயாரித்தவர் இவர் என்றும் சொல்லிவிடுவார்கள், அது 1874இலேயே ஒருவர் ஆய்வகத்தில் செய்து கிடப்பில் போட்டது. அது பூச்சிக்கொல்லி என்று 1939இல் கண்டதுதான் இவர் வேலை. 1987 இயற்பியல் நோபலில் கார்ல் அலெக்ஸ் முல்லர், 2009 இலக்கிய நோபலில் ஹெர்டா முல்லர் என்று வரிசை நீள்கிறது, அவர்களில் குழப்பம் அதிகம் இல்லை.

எப்படிச் சரிபார்ப்பது?

ஒரு கட்டுரையில் ‘முல்லர்’ என்று மட்டும் கண்டால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. முதல் பெயர். இதை மட்டும் நம்பக் கூடாது. இந்தக் கட்டுரையிலேயே மூன்று யோஹன்னஸ், இரண்டு ஹெர்மன் (நோபல்காரர்களை விட்டுவிட்டு), இரண்டு ஹைன்ரிஹ் வந்தாயிற்று, மூன்றாவது ஹைன்ரிஹ் இனிமேல் வருகிறார்.

2. பிறந்த, இறந்த ஆண்டுகள். கூற்று வெளியான ஆண்டு இறந்த ஆண்டுக்குப் பின்னால் இருந்தால் ஆள் மாறிவிட்டது.

3. வேலை பார்த்த ஊர். துறையைவிட இது நம்பகமானது, ஏனென்றால் ஒரே துறையில் இருவர் இருந்த கதையை வியன்னாவிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பார்த்தோம்.

4. கோடு போட்டு இன்னொரு சொல் ஒட்டியிருந்தால் அது ஊரா, வேறொரு ஆளா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ‘கைகர்-முல்லர்’ இருவர், ‘முல்லர்-பிரெஸ்லாவ்’ ஒருவர். இரண்டு சமமான கோடுகளின் முனையில் அம்புக்குறி போட்டால் ஒன்று நீளமாகத் தெரியும் அந்தக் கண்மயக்கத்தின் ‘முல்லர்-லையர்’ என்பதும் ஒரே ஆள்தான், 1889இல் அதை வெளியிட்டவர்.

ஆவணங்களே தோற்ற ஒரு வழக்கு

நான்கையும் பார்த்தும் ஆளைப் பிடிக்க முடியாமல் போன ஒரு முல்லர் உண்டு. நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் தலைவர் ஹைன்ரிஹ் முல்லர், 1900இல் மியூனிக்கில் பிறந்தவர். யூதர்களை ஒட்டுமொத்தமாக அழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைத்த 1942 ஜனவரி 20 வான்ஸே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர், அடோல்ஃப் ஐக்மனின் மேலதிகாரி. எஸ்.எஸ். படையில் அதே பெயரில் இன்னொரு உயர் அதிகாரியும் இருந்ததால், உள்ளுக்குள்ளேயே இவரைக் ‘கெஸ்டபோ முல்லர்’ என்றுதான் அழைத்தார்கள். ஊருக்குப் பதில் பதவி ஒட்டிக்கொண்டது.

1945 மே தொடக்கத்தில் பெர்லினில் ஹிட்லரின் பதுங்கு அறையில் பார்த்தவர்கள் உண்டு, அதற்குப் பிறகு தடயம் இல்லை. நேச நாடுகள் தேடத் தொடங்கியபோது பிடிபட்டவர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஹைன்ரிஹ் முல்லர்கள் இருந்தார்கள், அவர்களுடைய விவர அட்டைகள் ஒன்றோடொன்று கலந்தன. அமெரிக்க அரசு 2001இல் திறந்துவிட்ட உளவுக் கோப்புகளைப் படித்த ஆய்வாளர்களுக்கும் இந்தப் பெயர்க் குவியலைப் பிரிப்பதே பெரிய வேலையாக இருந்தது. அவர் பெயர் பொறித்த ஒரு கல்லறை பெர்லினில் இருந்தது. 1963இல் அதைத் தோண்டிப் பார்த்தார்கள். உள்ளே கிடந்த எலும்புகள் அவருடையவை அல்ல.